அணைந்துபோகும் கணினியை முதலில் வீட்டில் வைத்தே பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதியை நான் தவறாமல் படித்துவருகிறேன். சென்ற வாரம் ஒரு வாசகர், வேலை செய்துகொண்டிருக்கும்போதே தம் வீட்டுக் கணினி எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடுகிறது என்றும், சில நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது, சில நாள் மூன்று நான்கு முறை போய்விடுகிறது என்றும் எழுதியிருந்தார். வாங்கி எட்டு ஆண்டு ஆகிவிட்டதால் மதர்போர்டு (மற்றப் பாகங்களை எல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகை) பழுதாகியிருக்கும், பழுது பார்ப்பதைவிடப் புதியது வாங்கிவிடுவதே நல்லது என்று அவருக்கு இரண்டே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இதே தொல்லையை இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் அனுபவித்து, இதே பதிலை ஒரு கடையிலும் கேட்டு, கடைசியில் இரண்டாயிரம் ரூபாய்கூடச் செலவில்லாமல் சரிசெய்திருக்கிறோம் என்பதால், அந்த வாசகர் அவசரப்பட்டு எதையும் செய்துவிடுவதற்குள் இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருக்கும் கணினி 2017-இல் உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்த்துக் கட்டியது. அதில் வேலை செய்வது பெரும்பாலும் என் மருமகள்தான். இரண்டு அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும், பள்ளிகளுக்கு வினாத்தாளும் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுக்கிறார். சித்திரை பிறந்ததிலிருந்து கணினி திடீர் திடீரென்று அணையத் தொடங்கியது. வைகாசி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் குவிந்திருந்த நேரம் அது. ஒரு நாள் பிற்பகல், பதினொரு பக்க வினாத்தாளில் ஒன்பது பக்கம் முடிந்திருந்த நிலையில் அது போனபோது, "மாமா, மறுபடியும் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நாற்காலியிலேயே சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சேமித்துவைத்தது ஆறு பக்கம்தான். மீதி மூன்று பக்கத்தையும் அன்றிரவு மீண்டும் முதலிலிருந்து அடித்தார்.

மறுநாளே கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். இரண்டு நாள் அவர்களிடம் இருந்தது. இரண்டு நாளும் அங்கே அது ஒரு முறைகூட அணையவில்லை. ஆனாலும் கணினிக்குள் பதிவாகியிருக்கும் குறிப்புகளைத் திறந்து, 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பு அடையாளத்தோடு வரிசையாக நின்றவற்றைக் காட்டி, பவர் கோளாறு என்று கணினியே சொல்கிறது, போர்டு போய்விட்டது, போர்டும் அதற்குப் பொருந்தும் பிராசசரும் (கணினியின் மூளை) ராமும் (தற்காலிக நினைவகம்) மாற்றினால் பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். அந்தத் தம்பிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. காலையில் கொடுத்துவிட்டு மாலையில் தயாராகிவிட்டதா என்று கேட்கும் கூட்டத்துக்கு நடுவே, நாளுக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் கோளாறைக் காத்திருந்து பிடிப்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை. ஆனால் அவர்கள் காட்டிய சான்று தவறானது என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. 41 என்ற எண்ணுள்ள பதிவு கணினி அணையும் நேரத்தில் எழுதப்படுவதில்லை. அணைந்த பிறகு அடுத்த முறை நாம் இயக்கும்போது, முந்தைய முறை முறைப்படி மூடப்படாமல் நின்றுவிட்டிருக்கிறது என்று கண்டு விண்டோஸ் எழுதிவைப்பது அது. மின்சாரம் போனாலும் அதே 41 வரும், கணினி உறைந்துபோய் நாமே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும், சூடேறித் தானே அணைந்தாலும் அதே 41 தான். 6008 என்ற பதிவும் இப்படிப்பட்டதே. விளக்கு அணைந்திருந்தது என்று மட்டும் சொல்லும் சாட்சி அது, யார் அணைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. அந்த 41-க்குள் விவரங்களைத் திறந்து பார்த்தால் 'பக்செக் கோட்' என்று ஒரு எண் இருக்கும். அது 0 அல்லாத வேறு எண்ணாக இருந்தால் நீலத்திரை (விண்டோஸ் முடங்கும்போது காட்டும் பிழைத் திரை) வந்து நின்றிருக்கிறது, எனவே ராம், டிரைவர் மென்பொருள் போன்றவற்றின் பக்கம் சந்தேகிக்கலாம். 0 என்று இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க அவகாசமே இல்லாமல் போயிருக்கிறது என்று பொருள். எங்கள் கணினியில் எல்லாமே 0. ஆக, அந்தப் பட்டியலை வைத்து மதர்போர்டைக் குற்றவாளி ஆக்குவதற்கு எந்த ஆதாரமும் அதில் இல்லை.

கடையில் இரண்டு நாள் அணையாத கணினி, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த அன்று பிற்பகலே அணைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் குளிர்சாதன அறை, பெரிய யூ.பி.எஸ்., பக்கத் தகடு கழற்றி வைத்த கேபினட் (கணினிப் பெட்டி), கனமான வேலை எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஓட்டுக் கட்டடத்தின் மேற்குப் பார்த்த அறை, பழைய யூ.பி.எஸ்., மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிய கேபினட், நாள் முழுக்க வேலை. கோளாறில் பாதி கணினிக்குள் இருந்தால் பாதி அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. இடத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியாது. அதனால்தான் திடீரென்று அணையும் கணினியை முதலில் வீட்டில் வைத்தே கவனிக்க வேண்டும் என்கிறேன்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே செய்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு முறை அணையும்போதும் மணி என்ன, அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, அறையில் விசிறியும் விளக்கும் எப்படி இருந்தன, அணைந்ததா அல்லது அணைந்து தானே மீண்டும் திறந்ததா, உடனே பொத்தானை அழுத்தியதும் வந்ததா என்று எழுதிவரும்படி மருமகளிடம் சொன்னேன். இன்னொரு கட்டமும் இருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. கணினி போன அந்தக் கணத்தில் மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு எரிகிறதா, இல்லையா என்பதே அது.

எங்கள் வீட்டில் கணினியும் மானிட்டரும் ஒரே யூ.பி.எஸ்.ஸில்தான் செருகப்பட்டிருக்கின்றன, பெரும்பாலான வீடுகளிலும் அப்படித்தான். யூ.பி.எஸ்.ஸிலோ, அதற்கு முன்னால் இருக்கும் பிளக்கிலோ, வீட்டு மின்சாரத்திலோ கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும், மானிட்டர் விளக்கும் அணைந்துவிடும். மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தால், மின்சாரம் மேசை வரைக்கும் ஒழுங்காக வந்திருக்கிறது, கோளாறு கேபினட்டுக்கு உள்ளே இருக்கிறது. இதைப் பார்க்க மல்டிமீட்டர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், கண் மட்டும் போதும். யூ.பி.எஸ். ஒரு கண நேரமே தடுக்கி உடனே மீண்டால் மானிட்டர் விளக்கும் மறுபடி எரியும் என்பதால், அணையும் நொடியிலேயே அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

பத்தொன்பது நாளில் நோட்டில் இருபத்து மூன்று வரிகள் சேர்ந்தன. அவற்றில் பதினான்கில் மானிட்டர் விளக்கு எரிந்திருந்தது, எட்டில் எல்லாமே போயிருந்தன. மீதி ஒன்று விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்காகத் தானே மூடித் திறந்துகொண்டது. அதற்குப் பதிவேட்டில் 1074 என்ற எண்ணோடு எந்த நிரல் மூடச் சொன்னது என்ற விவரமும் இருந்தது. இத்தனை நாளாக ஒரே நோய் என்று நாங்கள் நினைத்திருந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் என்பது அந்த நோட்டில்தான் வெளிப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால்தான், ஒன்றுக்கு மருந்து செய்தாலும் மற்றொன்று வந்து, எதுவும் பலிக்கவில்லை என்ற எண்ணத்தை உண்டாக்கியிருக்கிறது.

அந்தப் பதினான்கு வரிகளையும் மருமகள் சிவப்பு மையால் வட்டமிட்டார். அத்தனையும் நண்பகல் பன்னிரண்டுக்கும் மாலை நாலரைக்கும் இடையில் நடந்தவை. பெரும்பாலும் பெரிய கோப்பைப் பி.டி.எஃப்.ஆக மாற்றும் சமயத்தில், உள்ளே இருக்கும் ஃபேன் சில நிமிடம் இரைந்து சுற்றிய பிறகு நடந்தவை. அணைந்ததும் உடனே இயக்கினால் வந்த வேகத்திலேயே மறுபடியும் போனது, கால் மணி நேரம் விட்டு இயக்கினால் நின்றது. சூடுதான் காரணம் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பிராசசரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது அது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்படியும் சூடு தணியாமல் ஏறிக்கொண்டே போனால், தான் கருகிப் போகாமல் இருக்க மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கட்டளை கொடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் எச்சரிக்கையும் வராது, நீலத்திரையும் வராது. நம் ஊரில் கத்திரி வெயிலில் அறைக்குள்ளேயே 37, 38 டிகிரி நிற்கும்போது, கணினிக்குள் போகும் காற்றே சூடான காற்றுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கணினியைப் பின்கட்டு முற்றத்துக்குத் தூக்கிச் சென்று பக்கத் தகட்டைத் திறந்தோம். கேபினட் வைத்திருந்த மேசைக்கு அருகில்தான் எங்கள் சுவாமி மாடம். தினமும் விளக்கும், வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணியும், இரவில் கொசுவர்த்தியும் சேர்ந்து, வெறும் தூசியாக இருந்திருக்க வேண்டியது எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்திருந்தது. பிராசசர் ஃபேனைக் கழற்றியதும், ஃபேனுக்கும் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்க்குக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் பருமனுக்கு, கம்பளித் துண்டு போல ஒரு வட்டம் முழுதாக எழுந்து கையோடு வந்தது. ஒன்பது வருஷத் தூசி அது. அதன் வழியே காற்று எப்படிப் போயிருக்கும்? இன்னொன்றும் கண்டோம். ஹீட் சிங்க்கை மதர்போர்டோடு அழுத்திப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று விடுபட்டு மேலே எழும்பி நின்றது, விரலால் தொட்டதும் ஹீட் சிங்க் அசைந்தது. அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புக் காரையைப் போல உதிர்ந்தது. பிராசசரிலிருந்து சூட்டை மேலே கடத்த வேண்டிய பசை அது. பழையதைத் துடைத்துவிட்டு, துவரம் பருப்பு அளவுக்குப் புதுப் பசை வைத்து, நான்கு ஊசிகளையும் 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினோம்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு, கணினியின் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட வேண்டும். வேலைக்கு நடுவே கேபினட்டின் இரும்புப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காது. தூசிக்குக் காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். புளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது தாங்காத வேகத்தில் சுற்றிக் கெட்டுப்போகும். ஆனால் மூலையில் இருக்கும், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும், எவ்வளவு தூசி தெரிந்தாலும், வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் போய் நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட் அளவுக்கு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே தங்கியிருக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வெளியிலிருந்து அதன் துளைகளில் பிரஷ் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்து, கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுவாமி மாடத்துக்கு எதிர்ப்பக்கமாக மாற்றிவைத்த நாளிலிருந்து பிற்பகல் தொல்லை நின்றது. வெப்பத்தை உறுதிசெய்துகொள்ள விரும்புபவர்கள், கணினி திறக்கும்போது பயாஸ் திரைக்கு (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போனால் அங்கேயே பிராசசர் வெப்பமும் ஃபேன் வேகமும் எழுதியிருக்கும்.

இனி அந்த எட்டு வரிகள். அவற்றுக்கு நேரம் காலம் கிடையாது. காலை ஆறரைக்கும் உண்டு, இரவு ஏழுக்கும் உண்டு. எட்டிலும் மானிட்டர் விளக்கு அணைந்திருந்தது, ஆறில் 'யூ.பி.எஸ். டிக் என்றது' என்று மருமகள் எழுதியிருந்தார். அறை விளக்கு ஒரு கணம் மங்கியதாகவும் இரண்டு இடத்தில் குறிப்பு இருந்தது. அந்த மணி நேரங்களைத் தொடர்ந்து பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ போர் மோட்டார் போடும் நேரங்கள் அவை. மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது, அதனால் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கி ஏறுகிறது. யூ.பி.எஸ். தன் கடமைப்படி மின்வாரிய மின்சாரத்தை விட்டுவிட்டு பேட்டரிக்கு மாறுகிறது, அந்த மாற்றத்தின் சத்தம்தான் 'டிக்'. பேட்டரியில் உயிர் இருந்தால் நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. பேட்டரி செத்துப்போயிருந்ததால், கணினியைக் காப்பாற்ற வாங்கிவைத்த யூ.பி.எஸ்.ஸே கணினியை அணைத்துக்கொண்டிருந்தது. அது இல்லாமல் நேராகச் சுவரில் செருகியிருந்தால்கூட அந்தச் சின்ன இறக்கத்தை எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் தாங்கியிருக்கும்.

இதைச் சோதிப்பது மிக எளிது. கணினியை முறைப்படி மூடிவிட்டு, யூ.பி.எஸ்.ஸில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரியவிட்டு, யூ.பி.எஸ். செருகியிருக்கும் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். நல்ல பேட்டரி என்றால் விளக்கு நெடுநேரம் எரியும். எங்களுடையது மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. வீட்டு யூ.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, நம் வெப்பத்தில் அது மூன்று நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தால் பெரிது. எங்களுடையது வாங்கியதிலிருந்து மாற்றப்படவே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது அந்தச் செத்த பேட்டரியே 12.4 வோல்ட் காட்டியது. சுமை இல்லாதபோது காட்டும் அளவை நம்பி ஏமாந்துவிடக் கூடாது, சுமை ஏற்றியவுடன் சரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்ததற்குக் கழித்துக்கொண்டது போக, புதியதற்கு ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் ஆனது. அதில் ஈயமும் அமிலமும் இருப்பதால் அதைக் குப்பையில் போடக் கூடாது, சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

யூ.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக வீடு முழுவதற்கும் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்க்கவும். பலவற்றில் 'யூ.பி.எஸ்.', 'நார்மல்' என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். 'நார்மல்' நிலையில் அது தாழ்ந்த வோல்டேஜையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். விசிறியும் விளக்கும் அதைக் கண்டுகொள்ளாது. 50 சுழற்சி கொண்ட நம் மின்சாரத்தில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி நொடி. நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றாலும் மின்சாரம் இல்லாமல் கணினியைத் தாங்கிப் பிடிப்பது ஏறக்குறைய அந்த ஒரு சுழற்சி நேரம்தான். கரண்ட் போகும்போதெல்லாம் கணினி மட்டும் அணைந்து விசிறி நிற்காமல் சுற்றுகிறது என்றால் அந்தச் சுவிட்சை 'யூ.பி.எஸ்.' பக்கம் தள்ளிப் பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

மோட்டார் எதுவும் போடாதபோதும் வீட்டில் ஒரு விளக்கு மங்கி, அதே நேரத்தில் வேறொன்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், அது கணினி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம், அப்படியானால் வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களும் கருகும் அபாயம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு இல்லை. யூ.பி.எஸ். செருகியிருந்த பிளக் பாயின்ட்டின் உள்தகடு மட்டும் தளர்ந்து கறுத்திருந்ததை வயர்மேன் வந்து முந்நூறு ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். தெர்மல் பேஸ்ட்டும் சேர்த்து மொத்தச் செலவு ஆயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.

எல்லா வீட்டிலும் இந்த இரண்டே காரணங்கள்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அணைந்துவிட்டுத் தானே மீண்டும் திறந்துகொள்ளும் கணினி என்றால் கதை வேறு. நீலத்திரை வந்தவுடன் தானாக மீண்டும் தொடங்கும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது, அந்த அமைப்பில் உள்ள டிக் குறியை எடுத்துவிட்டால் நீலத்திரை நின்று தன் காரணத்தைக் காட்டும். அப்போது ராம் அட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் பொருத்துவதும், விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனையை இரவில் ஓடவிடுவதும் முதல் வேலை. என் தங்கை வீட்டில் ஒரு கணினி திறந்த நாலைந்து நொடியில் அணைந்துகொண்டே இருந்தது. முகப்பில் உள்ள பொத்தான் உள்ளே சிக்கி வெளியே வராமல் நின்றதுதான் காரணம். நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கணினி அணையும் என்பது அதற்கான கட்டளை, சிக்கிய பொத்தானும் நம் விரலும் அதற்கு ஒன்றுதான். மதர்போர்டிலிருந்து அந்தப் பொத்தானின் வயரை உருவியதும் தெரிந்துவிட்டது.

சூடும் இல்லை, யூ.பி.எஸ்.ஸும் நன்றாக இருக்கிறது, மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டிருக்கக் கணினி மட்டும் போகிறது, அதுவும் கனமான வேலையின்போது போகிறது என்றால், அடுத்து வரிசையில் நிற்பது எஸ்.எம்.பி.எஸ். அதன் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4-க்குக் குறையவோ 12.6-க்கு மேல் போகவோ கூடாது. சிவப்பு வயரில் 5 வோல்ட், 4.75-க்கும் 5.25-க்கும் உள்ளே இருக்க வேண்டும். கடையில் இதை அளக்கும்போது, கணினி சும்மா இருக்கையில் அளக்காமல், வேலை நடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். அதைவிட நிச்சயமான வழி, தெரிந்தவரிடமிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பது. இத்தனையும் தாண்டிய பிறகுதான் மதர்போர்டின் முறை. அதிலும் கண்ணால் பார்க்க ஒன்று உண்டு, பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ சந்தேகம் உறுதி. மதர்போர்டு கெடவே கெடாது என்பது என் வாதம் அல்ல. கடைசியில் நிற்க வேண்டியதை முதலில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பதினெட்டாயிரம் கொடுத்து நாங்கள் போர்டை மாற்றியிருந்தாலும், புதிய போர்டின் மேலும் அதே செத்த பேட்டரி அதே 'டிக்' சத்தத்தோடு மின்சாரத்தை வெட்டியிருக்கும்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், பழைய கணினிகளை எப்படியும் மாற்றித்தானே ஆக வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அது தனியாக யோசித்து, தனியாகப் பணம் சேர்த்து எடுக்க வேண்டிய முடிவு. கணினி அணைகிறது என்று பதறி வந்தவரிடம் அதைக் காரணமாகச் சொல்வது சரியல்ல.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். இப்படிப்பட்ட கேள்விகள் வரும்போது, பதில் சொல்பவர் முதலில் நான்கு விவரங்களைத் திருப்பிக் கேட்டு வெளியிட வேண்டும்: எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, மானிட்டர் விளக்கு எரிந்ததா, யூ.பி.எஸ். பேட்டரிக்கு வயது என்ன. ஒரு வாரம் தாமதமாகப் பதில் வந்தாலும் பரவாயில்லை. அடுத்து, கடைக்குப் போகும் வாசகர்களுக்கு அவர்களுடைய உரிமையையும் எடுத்துச் சொல்ல வேண்டும். செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அந்த ரசீதில் எந்தப் பாகம், என்ன சோதனை செய்து பழுது என்று முடிவு செய்யப்பட்டது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கேளுங்கள். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எழுத வேண்டும் என்று தெரிந்தாலே சோதித்துப் பார்க்காமல் யாரும் போர்டு போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கள் நோட்டில் பேட்டரி மாற்றிய நாளுக்குப் பிறகு இதுவரை இரண்டு வரிகள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் எதிரில் '1074, அப்டேட்' என்று மருமகள் குறித்திருக்கிறார். கத்திரியின் கடைசி நாட்களிலும், மோட்டார் போடும் வேளைகளிலும், வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் முழுவதையும் அதே கணினியில்தான் முடித்துக் கொடுத்தார். கேள்வி கேட்ட அந்த வாசகர் தம் கணினியைப் பழைய பொருள் விலைக்குத் தள்ளிவிடுவதற்குள், அடுத்த முறை அது அணையும்போது மானிட்டர் விளக்கை மட்டுமாவது பார்க்கும்படி வரும் ஞாயிறு இணைப்பிலேயே அவருக்குச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.